முதலில் தன் தாடையில்

அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய வாய். இப்போதும் அப்படித்தான் வருகிறது. வேறு என்ன சொல்லித் திட்டலாம் என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் வாய்க்கு வசமாக அகப்படவில்லை. அவள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பாறசாலையிலிருந்து கொல்லயிலுக்குப் போகிற வழியில், வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவள் என்றாலே எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். மீதிப் பேர் பேசாமல் தங்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் முகத்தில் எதைப் பூசுவதானாலும் முதலில் தன் இடது தாடையில், காதுக்குக் கீழே, மோதிர விரலால் ஒரு பொட்டு தொட்டு வைப்பாள். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பிறகு அந்தப் பக்கத்தை நமக்குத் திருப்பிக் காட்டுவாள்.

"பாத்தியா? செவந்துதா? இல்லல்லா. எனக்க தொலிக்கு ஆகாதது உனக்க தொலிக்கும் வேண்டாம்."

கல்யாணப் பெண்ணானாலும் சரி, கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போகப் புருவம் மட்டும் எடுக்க வந்தவளானாலும் சரி, இது நடக்காமல் அவள் விரல் யார்மேலும் படாது. குளத்தூரிலிருந்தும் திருப்புறத்திலிருந்தும் பஸ் ஏறி வந்த பெண்களெல்லாம் எந்த டப்பாவிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை. அவள் தாடையைத்தான் பார்த்தோம். அது பளிச்சென்று இருந்தது, எங்களுக்கு அது போதும்.

சும்மா நம்பிவிடவில்லை. ஒரு தடவை ஏதோ புது பிளீச் வந்தது. கம்பெனி ஆள் கொண்டுவந்து மேசையில் வைத்து ஆகா ஓகோ என்று பேசினான். வழக்கம்போல அவள் தன் தாடையில் தொட்டு வைத்தாள். இரண்டு நிமிஷத்தில் அந்த இடம் கொப்பளித்துவிட்டது. அவன் கண் முன்னாலேயே அத்தனை பாக்கெட்டையும் அள்ளிக்கொண்டு போய்த் தென்னைமூட்டுக் குழியில் கொட்டினாள். "எடுத்துக்கிட்டுப் போ, இல்லேன்னா உனக்க மூஞ்சியில தேச்சு விட்டுருவேன்" என்று சத்தம் போட்டது ரோடு வரைக்கும் கேட்டது. அந்தத் தழும்பு போக ரொம்ப நாளாயிற்று. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினாள். நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தேன், எங்க அக்காவைப் பாருங்கள் என்று.

நான் ஒன்றும் லேசில் ஏமாறுகிறவள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். திருவனந்தபுரத்தில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில், மாடியில் பட்டுப் பிரிவில், கூட்டம் ஏறி வருகிற படிக்கு நேர் எதிரே நின்றவள் நான். வருகிறவர்களில் யார் எடுப்பார்கள், யார் ஏசிக்காக வந்தவர்கள் என்று படி ஏறும்போதே சொல்லிவிடுவேன். 'இந்தக் கலர் உங்களுக்குன்னே நெய்தது மாதிரி இருக்கு' என்று ஒரே சேலையை வைத்துக்கொண்டு தாயிடமும் சொல்லியிருக்கிறேன், மகளிடமும் சொல்லியிருக்கிறேன். பொய்யை மடிப்புக் கலையாமல் விரித்துக் காட்டுவதுதான் என் தொழிலே. அப்படிப்பட்ட என்னை ஒருத்தி ஏமாற்றிவிட்டாள் என்று நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அழுகை இல்லை, கோபம்தான்.

அதே கடையில் கீழ்த்தளத்தில், அழகுசாதனக் கவுண்டரில் அவள் நின்றாள். அப்படித்தான் பழக்கம். காலையில் பாறசாலையில் ஒரே பாசஞ்சர் வண்டியில் ஏறுவோம். பூவாறு பக்கம் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்து இங்கே கட்டிக்கொண்டு வந்தவள். வண்டியில் ஜன்னல் ஓரம் கிடைத்தாலும் உட்கார மாட்டாள். வெயில் அடிக்கும் என்பாள். நெய்யாற்றின்கரை வருவதற்குள் எங்கள் முகத்தையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்து, யார் தண்ணீர் குடிக்கவில்லை, யார் சோப்பு மாற்றினாள் என்று சொல்லிவிடுவாள். பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் கம்பெனிக்காரர்கள் நடத்துகிற வகுப்புகளுக்கு ஒன்று விடாமல் போவாள். மற்ற பெண்கள் அங்கே கொடுக்கிற பிரியாணிக்காகப் போவார்கள். இவள் கேள்வி கேட்கப் போவாள்.

பெப்டைடு என்ற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது அந்த வண்டியில்தான், அவள் வாயிலிருந்துதான். எனக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டியிருந்தது. கண்ணாடியில் வாய் ஓரத்துக் கோடு தெரிய ஆரம்பித்திருந்த காலம்.

"தொலிக்கு உள்ளே ஒரு வலை உண்டு, கேட்டியா" என்று ஆரம்பித்தாள். "கொலாஜன்னு பேரு. அது முறுக்கா இருந்தா கன்னம் மேல நிக்கும். வயசாவும்போ, வெயில் படும்போ, கண்ணி கண்ணியா அறும். அப்பம் தொலி தொங்கும்."

"இந்தப் பெப்டைடு போய் அதைத் தச்சுருமா அக்கா?"

"அது தைக்குக ஆளு இல்ல பிள்ளே. புரோட்டீனுக்க சின்னத் துண்டாக்கும் அது. வலை அறும்போ நூலு துண்டு துண்டா விழும்லா? அதே மாதிரி ஒரு துண்டக் கண்டா தொலி என்ன நெனைக்கும்? 'அய்யோ, எனக்க வலை அறுந்து கெடக்கே'ன்னு புதுசா நெய்யத் தொடங்கும். பெப்டைடு சேதி சொல்லுக ஆளு, அவ்வளவுதான். வேலை செய்யது உனக்க தொலியாக்கும்."

"எத்தனை நாளு ஆவும்?"

"மூணு மாசம். கொறஞ்சது. அதுவும் பையத்தான் தெரியும். வெள்ளையாக்காது. நாப்பது வயசு மொகத்த இருபதாக்காது. கொஞ்சம் உறுதியா, கொஞ்சம் மினுசமா இருக்கும், அம்புட்டுதான். நாலு நாள்ல பளபளன்னு ஆச்சுன்னா அது பெப்டைடு இல்ல, வேற என்னவோவாக்கும். பின்ன ஒண்ணு. குடை பிடிக்காம, சன்ஸ்கிரீன் இடாம பெப்டைடு இட்டா ஒரு பக்கம் நெய்யவும் ஒரு பக்கம் அறுக்கவும் ஆயிப்போவும்."

எதிர் சீட்டில் இருந்தவர்கள்கூடக் காது கொடுத்துக் கேட்டார்கள். எவ்வளவு சுத்தமாகச் சொன்னாள் பாருங்கள். இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பின்னால் ஒரு டாக்டர் வாயாலேயே அது உறுதியாயிற்று. அதை அப்புறம் சொல்கிறேன்.

வெயில் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம். அவள் தம்பி பூவாறிலிருந்து மீன் கொண்டுவந்து கொடுப்பான், கடலில் கிடந்து கறுத்த முரட்டு ஆள். ஒரு நாள் நான் பார்க்கவே அவனை முற்றத்தில் பிடித்து நிறுத்தி முகம் முழுக்க சன்ஸ்கிரீன் தேய்த்துவிட்டாள். அவன் மாவில் விழுந்தவன்போல நின்றுகொண்டு, "எக்கா, இந்த மூஞ்சியோட வள்ளத்தில ஏறினா மீனு சிரிச்சே செத்துப்போவும்" என்றான். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவன் காது மடலில் விட்டுப்போன இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த அக்கறை நடிப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அங்கேதான் எனக்குக் குழம்பிப் போகிறது.

அவள் கடையை விட்டு வந்ததற்குக் காரணம் அவள் முகம். அழகுசாதனம் விற்கிற இடத்தில் இளம் முகம் வேண்டும் என்று கீழே பாக்கிங்குக்கு மாற்றினார்கள். நிலவறை அது. ஜன்னல் கிடையாது. நாளெல்லாம் நின்று பையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் நின்றாள், பிறகு வரவில்லை. வீட்டு முன்னறையில் கண்ணாடி மாட்டி, நாற்காலி போட்டு பார்லர் தொடங்கினாள். வண்டியில் அவள் இடம் காலியாகக் கிடந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. லீவு நாளில் நான் அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

முதலில் அவள் உண்மையைத்தான் விற்றாள். லேசான நீல நிறத்தில் ஒரு சீரம், சொட்டு சொட்டாக விடுகிற குப்பி. செம்பு சேர்ந்த பெப்டைடு, அதனால்தான் நீலம் என்பாள். தன் தாடையில் ஒரு சொட்டு, நம் கன்னத்தில் நாலு சொட்டு. கூடவே மூன்று மாசக் கதையையும் சொல்வாள். குளத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வருவார். அவர் அந்தக் குப்பியை வாங்கிக்கொண்டு போய், கொஞ்ச நாளில் திரும்பி வந்து, ஆட்கள் நிறைய இருக்கும்போது மேசையில் டக்கென்று வைத்தார்.

"உங்க பெப்டைடு எங்க வீட்டுக் கண்ணாடியில தெரியல்லியே. ஜங்ஷன்ல இருக்க பார்லர்ல ஒரே வாரத்தில எனக்க நாத்தனாருக்கு மொகம் டியூப்லைட்டு மாதிரி ஆச்சு. நீங்க என்னடான்னா மூணு மாசங்கியோ."

டீச்சர் போனார். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அக்கா அந்தக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நெஜத்துக்கு மொகம் இல்ல மக்கா" என்றாள். நான்தான் ஆறுதல் சொன்னேன், போகட்டும் விடுங்க அக்கா, தெரிஞ்சவங்க வருவாங்க என்று. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் கூட்டம் திரும்பி வர ஆரம்பித்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஏன் வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு வந்த வினை ஒரு டெங்குக் காய்ச்சல். எழுந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. கன்னம் இரண்டும் ஒட்டி, தோல் தளர்ந்து தாடையில் மடிந்து கிடந்தது. வேலைக்குத் திரும்பிய அன்றே மாடியில் எங்களை மேய்க்கிற சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சேச்சிக்கு நல்ல க்ஷீணம் உண்டல்லோ. கொறச்சு நாள் தாழே பாக்கிங்கில் இருந்நோ" என்றான், களைத்துப்போன எனக்குக் கொஞ்ச நாள் கீழே இருக்கச் சொல்லி ஏதோ உபகாரம் செய்கிறவன்போல. பாக்கிங்குக்கு இறங்கின யாரும் மறுபடி மாடி ஏறி நான் பார்த்ததில்லை. சம்பளமும் இறங்கும், ஆளும் இறங்கும். கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஓணம் வரைக்கும் தவணை கேட்டேன். ஓணக் கூட்டத்துக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்பதால் முகம் சுளித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான்.

நேரே அக்காவிடம்தான் போனேன். போய் உட்கார்ந்து அழுதேன். அவள் என் கன்னத்தை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து இழுத்து விட்டாள். அது திரும்பிப் போகிற வேகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியது.

"என்னையும் இப்படித்தானே எறக்கினானுவ" என்றாள்.

"அக்கா, மூணு மாசமானாலும் சரி. ஓணத்துக்கு அதுக்குமேலே நாளு கெடக்கு. நான் பொறுத்துக்கிடுவேன். நெஜமான பெப்டைடு தந்தா போதும்."

இந்த வார்த்தையை நான் சொன்னேன். இதே வார்த்தையைச் சொன்னேன். யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

அவள் தலையாட்டினாள். நீலக் குப்பியை எடுத்து, முதலில் தன் தாடையில் ஒரு சொட்டு. பிறகு என் முகத்தில். நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் அவள் விரல் போனபோது காய்ச்சலில் என் அம்மாகூட அப்படித் தடவிவிட்டதில்லை என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும்போது ஒரு வெள்ளை டப்பா தந்தாள். மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. திறந்தால் வெள்ளைக் கிரீம்.

"இது நீலமா இல்லியே அக்கா?"

"வீட்டுல இடுகதுக்கு கிரீமாத்தான் கிட்டும். பெரிய டப்பாவில வாங்கி நான் மாத்தி வைக்கேன். ஒரே சாதனமாக்கும்."

அப்புறம் உள்ளே போய், கவர் பிரிக்காத புதுக் குடை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மெரூன் நிறம், மடக்குக் குடை. "இத இட்டுட்டு வெயில்ல ஒரு அடி எடுத்து வைக்கப்பிடாது, கேட்டியா. ஸ்டேஷனுக்குப் போகும்போதும் வரும்போதும் குடை வேணும்" என்றாள். காசு கேட்கவில்லை. எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. வீட்டில் வந்து அந்தக் குடையைக் காட்டினேன். "பத்து வருஷமா மழையில நனைஞ்சு ஆட்டோ ஓட்டுகேன், எனக்கு ஒருத்தரும் ஒரு குடை தரல்லியே" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

ஒரே வாரத்தில் முகம் மாறியது. என்ன மினுமினுப்பு! கடையில் கூட நின்றவள்கள் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். சூப்பர்வைசர்கூட ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "இப்போ கொள்ளாம்", நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு வண்டியில் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. அக்காவிடமே கேட்டேன், இவ்வளவு சீக்கிரம் எப்படி அக்கா, மூணு மாசம் என்று சொன்னீங்களே என்று.

"அது எல்லாரு தொலிக்கும் சொல்லுக கணக்கு. உனக்க தொலி நல்ல தொலியாக்கும். உனக்குன்னே செஞ்சது மாதிரி பிடிச்சுப்போச்சு."

உங்களுக்குன்னே நெய்தது மாதிரி. என் சரக்கை எனக்கே விற்றாள். நானும் வாங்கிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு வந்தேன்.

ஓணம் முழுக்க முன்வரிசையில்தான் நின்றேன். அது உண்மை. அதற்குப் பிறகு ஆரம்பித்தது. முதலில் கன்னத்தில் சிவப்பு. அடுப்புப் பக்கம் போனால் எரிச்சல். பிறகு மெல்லிய ரோமம், பிறகு சின்னச் சின்னப் பருக்கள். இரண்டு நாள் கிரீம் போடாமல் இருந்தால் முகம் தீப்பிடித்ததுபோல் காந்தும். போட்டால் அடங்கும். அக்காவிடம் ஓடினேன். "உள்ளே கெடக்க அழுக்கு வெளிய வருது. பெப்டைடு வேலை செய்யதுக்க லெச்சணமாக்கும்" என்று இன்னொரு வெள்ளை டப்பா தந்தாள். நீலக் குப்பியிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தன் தாடையில் வைத்துக் காட்டினாள். அவள் தாடை வழக்கம்போல வழவழவென்று இருந்தது. குற்றம் என் தோலில்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

கடையில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு நான் சேலை விரித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பெண் மற்றவளிடம் ரகசியமாக, இது தொற்றுமா என்று கேட்டாள். ரகசியம் எனக்கும் கேட்டது, சூப்பர்வைசருக்கும் கேட்டது. அன்று மத்தியானமே நிலவறைக்கு இறங்கினேன். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன்.

நெய்யாற்றின்கரையில் தோல் டாக்டர் ஒருவர், சின்ன வயசுப் பெண். என் முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"என்ன இடுறீங்க?"

"பெப்டைடு."

"பெப்டைடா? அது இப்படி செய்யாதே. டப்பாவில என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"இது ஸ்டீராய்டு முகம். நான் வாரந்தோறும் காணுறேன்" என்றார். "பெப்டைடு கொலாஜன் உண்டாக்கச் சொல்லும். மெதுவாத்தான் தெரியும், மூணு மாசம் எடுக்கும். வெளுக்க வைக்காது. ஸ்டீராய்டு நேர் எதிர். உள்ள கொலாஜனைக் குறைக்கும், தோல் மெலிஞ்சு போகும். ஆரம்பத்தில நல்ல பளபளப்பு இருக்கும். பின்ன வெயிலே தாங்காது."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருந்தேன். மூணு மாசம். மெதுவா. வெளுக்காது. வண்டியில் கேட்ட அதே வார்த்தைகள். அந்த வலையை எனக்கு விளக்கிச் சொன்னவளே அதை அறுக்கிற சாதனத்தை என் கையில் தந்திருக்கிறாள். அவள் ஒன்றும் தெரியாத ஜென்மமாக இருந்திருந்தால், எவனோ தந்ததை நம்பி எனக்கும் தந்திருந்தால், போய்த்தொலை என்று விட்டிருப்பேன். இவளுக்குத் தெரியும். என்னைவிட, அந்தக் கம்பெனிக்காரனைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது முகம் ஓரளவு தேறியிருக்கிறது. உடனே நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும் என்று டாக்டர் சொன்னபடியே ஆகி, பிறகு பைய அடங்கிற்று. கன்னத்தில் நரம்புக் கோடு மட்டும் போகவில்லை. எது வாங்கினாலும் டப்பாவில் இருப்பதை எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுகிறேன். ஆனால் பூசுவதற்கு முன்னால் மோதிர விரல் தானாகவே இடது தாடைக்குப் போகிறது. அவள் பழக்கம் அது.

டாக்டரைப் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். குடை பிடித்துக்கொண்டுதான் போனேன். அவள் பூசை முடிந்து வந்து, சர்ச்சுக்கு உடுத்த சேலையிலேயே நின்றாள். நாற்காலியில் அந்தக் குளத்தூர் டீச்சர் சாய்ந்திருந்தார். அவர் முகம் டியூப்லைட்போல மின்னிக்கொண்டிருந்தது.

"வா மக்கா, இரி" என்றாள் அக்கா.

நான் உட்காரவில்லை. வெள்ளை டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தேன்.

"அக்கா, இத உங்க தாடையில கொஞ்சம் இடுங்க."

"என்னத்துக்கு? இப்பந்தான் மொகம் கழுவினேன்."

"எங்க மொகத்தில இடுகதுக்கு முந்தி உங்க மொகத்தில இடுவீங்கல்லா. இது நீங்க தந்ததாக்கும். இடுங்க."

சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அக்கா மோதிர விரலை டப்பாவில் விட்டு ஒரு பொட்டு எடுத்தாள். கை மேலே போயிற்று. காதுக்குக் கீழே, தோலில் படப்போகிற இடத்தில் நின்றுவிட்டது. கண்ணாடியில் மூன்று பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் கையை இறக்கினாள். தோளில் கிடந்த துண்டில் விரலைத் துடைத்தாள். ஒரு தடவை துடைத்துவிட்டு, நகக்கண்ணில் ஒட்டியிருந்ததையும் விடாமல் துடைத்தாள்.

டீச்சரின் கை மெல்ல எழுந்து தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது.

"நான் நெஜத்த வித்தப்போ யாரு வாங்கினா?" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "இந்த டீச்சரு எனக்க மேசையில குப்பிய எறிஞ்சிட்டுப் போச்சு. நீ கண்டியா இல்லியா? எல்லாருக்கும் ஒரு வாரத்தில வேணும். நீயும் ஓணத்துக்கு முன்னால நிக்கணும்னுதானே வந்த? நிண்ணியா இல்லியா?"

"நான் மூணு மாசம் பொறுக்கேன்னு சொன்னேன்."

"எல்லாரும் அங்ஙனத்தான் சொல்லும்."

"நான் எல்லாரும் இல்ல அக்கா."

வாய் நிறையத் திட்டுவதற்குத்தான் போயிருந்தேன், வண்டி வண்டியாக யோசித்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக, கையிலிருந்த மெரூன் குடையை மேசையில் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே இறங்கினேன்.

உச்சி வெயில். வாசல் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டேன். பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் குடையோடு வந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளே, குடைய விட்டுட்டுப் போறியே. இந்த வெயில் இப்பம் உனக்க மொகத்துக்கு ஆகாது மக்கா. தொலி வெந்துபோவும். நான் சொல்லுகத கேளு."

அக்கறையோடுதான் சொன்னாள். தம்பியின் காது மடலைத் தடவின அதே குரல். அந்த டப்பாவைத் தந்த அன்று, அதே கையால் இந்தக் குடையையும் தந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பாசம் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேனே, அந்தக் குடை. என் தோல் வெயில் தாங்காமல் போகப்போகிறது என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் வழியில் ஒரு மரம் இல்லை. முகம் எரிந்தது. "பிள்ளே, வெயிலாக்கும்" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். நான் குடையை வாங்கவில்லை.